துருப்பிடிக்காத பெட்டி

அங்க தட்டாதீங்க அண்ணாச்சி. அந்த இடத்துல தட்டினா விரல் உள்ளே போயிடும்.

பெயின்ட் நேத்து அடிச்சது. இன்னும் காயல. பார்த்தீங்களா, கையில ஒட்டிருச்சு. மண்ணெண்ணெய்த் துணி தரேன், துடைச்சுக்கோங்க. வேட்டியில தேய்க்காதீங்க, கருப்பு போகவே போகாது.

அப்பா உங்களுக்குக் குடிக்கக் கலர் வாங்கப் போயிருக்காங்க. எங்க தெருக் கடையில கூலிங் இருக்காது. கோயில் முக்குக்குப் போகணும். அங்க போனா நாலு பேர் பிடிச்சு நிறுத்திப் பேசுவாங்க. வர நேரமாகும். போறதுக்கு முன்னால என்னைத் தனியாக் கூப்பிட்டு, "நான் வாரது வரைக்கும் வாயத் தொறக்காதட்டி, கேட்டியா?"ன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க. நானும் திறக்கல. நீங்க வண்டி வாங்க வந்து, இவ்வளவு நேரம் அதைச் சுத்திச் சுத்தி வந்தீங்க, ஏதாவது சொன்னேனா? நீங்களாத்தான் கேட்டீங்க, ஸ்டியரிங்குக்குக் கீழே நீலமா மினுக்குதே, அது என்ன பெட்டின்னு. கேட்டா சொல்லத்தான் செய்வேன். கேட்ட பிறகு மென்னு முழுங்குறது எனக்கு வராது.

ஸ்கூல்லயும் அதுதான் பிரச்சினை. பதினொண்ணாம் வகுப்போட நின்னுட்டேன். நிறுத்தல, நானா நின்னேன். கெமிஸ்ட்ரி மிஸ் போர்டுல ஒரு சமன்பாட்டைத் தப்பா எழுதினாங்க. தப்புன்னு சொன்னேன். அப்பாவைக் கூட்டிட்டு வான்னாங்க. அப்பா வந்து மிஸ்ஸுக்கு முன்னால கையைக் கட்டி நின்னாங்க. தப்பா எழுதினது மிஸ்ஸு, கையைக் கட்டினது எங்க அப்பா. மறுநாள்ல இருந்து நான் போகல. அவ்வளவுதான் கதை.

சரி, பெட்டி. அது துருப் பிடிக்காம இருக்க மாட்டினது. ஆமா, வண்டிக்கு. சிரிக்காதீங்க, முழுசாக் கேளுங்க. உள்ளே என்னமோ எலக்ட்ரானிக் இருக்காம். ஒரு வயர் பேட்டரிக்குப் போகுது. இன்னொரு வயர் இந்தா, பாடியில ஒட்டியிருக்கிற இந்த வில்லைக்கு வருது. கண்ணுக்குத் தெரியாத கரண்டு வண்டி முழுக்க ஓடுமாம். ஓடினா இரும்புகிட்ட துரு நெருங்காதாம். நீல லைட்டு மினுக்கினா வேலை செய்யுதுன்னு அர்த்தமாம்.

மினுக்குது. மாட்டின நாள்ல இருந்து ஒரு நாள்கூட நிக்கல. பெட்டிக்கு ஒரு துளி துருவும் இல்லை. பிளாஸ்டிக்குல்ல, எப்படிப் பிடிக்கும்?

எங்க அப்பா முட்டாள் இல்லை அண்ணாச்சி. அதை முதல்ல சொல்லிடறேன். கிளீட்டஸ்னு இந்தக் கரையில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. முன்னால போட்ல டிரைவரா இருந்தவங்க. கூடவே எங்க ததேயுஸ் சித்தப்பாவும். ஒரு நாள் காத்துல போட் சரிஞ்சு, சித்தப்பா போனவர் வரவே இல்லை. அப்பா மட்டும் வந்தாங்க. அதுக்கப்புறம் அப்பா கடல்ல கால் வைக்கல. இந்தக் குட்டியானை வண்டியை வாங்கி, ஏலக்கூடத்துல மீன் ஏத்தித் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய் இறக்குற வேலையில இறங்கிட்டாங்க. ஊருக்குள்ள கேட்டா, வண்டியில நல்ல வரும்படி, அதான் கடலுக்குப் போகலைன்னு சொல்லுவாங்க. அதெல்லாம் இல்லை. பயம். கடலைப் பார்த்தா முதுகைத் திருப்பி நிப்பாங்க. எங்க ஊர்ல ஒரு ஆம்பளையை அப்படிச் சொல்லக் கூடாது. நான் சொல்றேன், உண்மைதானே?

மீன் வண்டின்னா துரு எப்படி வரும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்களே உப்பளத்துல லோடு அடிக்கிறவங்க. ஐஸ் கரையும், அதுல உப்பும் மீன் ரத்தமும் சேரும், சொட்டிக்கிட்டே போகும், எல்லாம் கீழே சேஸ் சட்டத்துல. அதுக்கு எங்க கரையில ஒரு வழக்கம் இருக்கு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு வந்ததும் வண்டிக்காரங்க எல்லாரும் அடியில படுத்துடுவாங்க. நல்ல தண்ணி ஊத்திக் கழுவி, காய விட்டு, மெக்கானிக் கடையில வடிச்ச கருப்பு ஆயிலைப் பிரஷ்ல தொட்டு இண்டு இடுக்கெல்லாம் தடவணும். தெருவுல நடந்தா எல்லா வண்டிக்கு அடியிலயும் ரெண்டு ரெண்டு கால் நீட்டிக்கிட்டு இருக்கும். அப்பாவும் அப்படித்தான் இருந்தாங்க.

தண்ணிதான் சண்டை. இங்க நல்ல தண்ணி லாரியில வரணும். அம்மா குடத்தோட வரிசையில நின்னு, அடிபட்டுப் பிடிச்சுட்டு வந்த தண்ணியை அப்பா வண்டி வயித்துல ஊத்துவாங்க. "மனுசனுக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணி இல்ல, வண்டிக்கு ஞானஸ்நானம் நடக்கு!"ன்னு அம்மா கத்துவாங்க. வாரா வாரம் இதே கூத்து.

அப்பத்தான் வியான்னி மாமா வந்தாங்க. அம்மாவோட கூடப்பிறந்தவங்க. மதுரையில ஒரு கம்பெனியில ஏஜென்ட் எடுத்திருக்கேன்னு சொல்லி இந்தப் பெட்டியைக் கொண்டுவந்தாங்க. மாமா ஏமாத்துக்காரங்க இல்லை. அவங்க பைக்லயும் ஒண்ணு மாட்டியிருந்தாங்க. சொந்த அக்கா வீட்டுல பொய் சொல்லிப் பிழைக்கிற ஆள் இல்லை. நம்பினாங்க. நம்பிக்கிட்டே விற்கிற ஆள்கிட்ட எப்படிச் சண்டை போடுறது, சொல்லுங்க?

வந்ததும் அடுப்படியில இருந்து ரெண்டு கண்ணாடி டம்ளர் கேட்டாங்க. ரெண்டுலயும் தண்ணி ஊத்தி உப்புப் போட்டாங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு ஆணி. ஒரு டம்ளருக்கு மட்டும் பெட்டியோட வயர். "நாளைக்குப் பாருங்க மச்சான்"னாங்க. மறுநாள் பார்த்தோம். வயர் இல்லாத டம்ளர்ல தண்ணி டீ மாதிரி செவந்து கிடந்தது. வயர் வச்ச ஆணி கடையில வாங்கின மாதிரியே பளபளன்னு இருந்தது. பொய்யில்லை, என் கண்ணால பார்த்தேன்.

அப்பா அந்த ஆணியைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. பிறகு, "ஏளா, இது நெசந்தான். இரும்பு போட்டுக்கு அடியில ஜிங்க் கட்டி வச்சு முடுக்குவோம்லா? அந்தக் கட்டி கரைஞ்சு கரைஞ்சு போட்டைக் காப்பாத்தும். நான் வருசக்கணக்கா கட்டி மாத்துனவன். இதும் அதே சங்கதிதான்"னு சொன்னாங்க. வேற ஊர்க்காரனா இருந்தா இந்தப் பெட்டியைக் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பியிருப்பான். எங்க அப்பா நம்பினதுக்குக் காரணமே அவங்க கடல்ல கண்ணால பார்த்ததுதான். தெரியாதவனை ஏமாத்துறது கஷ்டம் அண்ணாச்சி. பாதி தெரிஞ்சவன்தான் சுளுவா விழுவான்.

மாட்டியாச்சு. அன்னைக்கோட ஞாயிற்றுக்கிழமைக் கழுவல் நின்னது. ஆயில் டப்பா மேல சிலந்தி கூடு கட்டிடுச்சு. அம்மாவுக்குத்தான் ரொம்ப சந்தோசம். தண்ணிக் குடம் எல்லாம் அடுப்படிக்கே வந்தது. பூசை முடிஞ்சு வந்து அப்பா சட்டையைக்கூடக் கழட்டாம உட்கார்ந்து பேப்பர் படிச்சாங்க. தெருவுல மத்தவங்க கால் எல்லாம் வண்டிக்கு அடியில நீட்டிக்கிட்டு இருக்கும், எங்க அப்பா மட்டும் நாற்காலியில. அம்மா மாமாவுக்குப் போன் போட்டு, "எய்யா, நீ நல்லாருப்ப"ன்னு சொன்னாங்க. அந்த மாதிரி ஞாயிற்றுக்கிழமைகள் எங்க வீட்டுல அதுக்கு முன்னால இருந்ததே இல்லை.

நான் அப்ப ஸ்கூலை விட்டு அப்பாகூட வண்டியில போய்க்கிட்டிருந்தேன். ஐஸ் அள்ளிப் போடுறது, கூடையைக் கை கொடுத்து ஏத்துறது. ஒரு நாள் பின் டயருக்கு மேல தகடு பொருபொருன்னு இருந்தது. ஸ்குரூடிரைவரை வச்சு அமுக்கினேன். அப்பளம் மாதிரி உடைஞ்சு உள்ளே போச்சு. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "லைட்டு எரியுதுல்லா?"ன்னாங்க. "லைட்டு எரியுதுப்பா, வண்டி ஓட்டையா இருக்கு"ன்னேன். "அது பழைய துருதாண்ட்டி. பெட்டி மாட்டுறதுக்கு முன்னால உள்ளது"ன்னாங்க.

அதுக்கப்புறம் எந்த ஓட்டையைக் காட்டினாலும் பழைய துரு. புதுசாத் துரு வந்த மாதிரியே கிடையாது.

எனக்குப் பொறுக்கல. ஒரு நாள் மதியம் மாமா சாப்பிட வந்திருந்தாங்க, எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். நான் கேட்டேன். "மாமா, அந்த ஆணி ஏன் துருப் பிடிக்கல? டம்ளர்ல தண்ணி இருந்தது. கரண்டு தண்ணி வழியாப் போய்ச் சுத்தி வந்தது. ஜிங்க் கட்டியும் அப்படித்தான், போட் எப்பவும் கடலுக்குள்ள கிடக்கு. வண்டி காத்துலல்ல நிக்குது? கரண்டு எது வழியாச் சுத்தும்?" இது பெரிய படிப்பு ஒண்ணும் இல்லை. யோசிச்சாலே தெரியும். மாமா மீன் முள்ளை எடுத்துக்கிட்டே, "கம்பெனில சொல்லுதாங்கம்மா"ன்னாங்க. கம்பெனி சொன்னா ஆச்சா? அப்பா தட்டையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. நான் சொன்னேன், "அப்பா, இந்தப் பெட்டி வேலை செய்யணும்னா ஒரே வழிதான். வண்டியை டம்ளருக்குள்ள இறக்குங்க. அவ்வளவு பெரிய டம்ளர் கிடைக்காது, கடல்லதான் இறக்கணும்." அம்மா தலையில ஒரு கொட்டு வச்சாங்க. மாமா சிரிச்சாங்க. அப்பா சிரிக்கல. கையைக் கழுவிட்டு எழுந்து போயிட்டாங்க.

கொஞ்ச நாள் கழிச்சு, லோடு இறக்கிட்டுத் திரும்பி வந்தோம். வண்டி வீட்டுப் பக்கம் திரும்பல, நேராக் கரைக்குப் போச்சு. போட் இழுக்கிற சரிவு இருக்குல்ல, அங்க. என்னை இறங்கச் சொன்னாங்க. பிறகு ரிவர்ஸ்ல மெல்ல மெல்லக் கடலுக்குள்ள விட்டாங்க. பின் சக்கரம் முங்கிச்சு. முன் சக்கரம் முங்கிச்சு. சேஸ் வரைக்கும் தண்ணி. அப்பா உள்ளேயே கண்ணாடியை ஏத்திவிட்டு, ரெண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. அலை வந்து மோதும்போதெல்லாம் கண்ணை மூடிக்கிட்டாங்க. வலை உலர்த்துறவங்க, ஐஸ் உடைக்கிறவங்க எல்லாரும் வேலையை விட்டுட்டு நின்னு பார்த்தாங்க. "கிளீட்டஸ் அண்ணன் வண்டியில நெத்திலி பிடிக்கப் போறாரு டோய்!"ன்னு ஒருத்தன் கத்தினான். கரையே சிரிச்சது. நானும் சிரிச்சேன். சிரிப்பு வந்தது, சிரிச்சேன்.

வெளியே வந்ததும் சொன்னேன், "வேண்டாம்ப்பா, உப்புத் தண்ணி தின்னுரும்." அதுக்கு அப்பா சொன்னாங்க, "டம்ளர்ல இருந்ததும் உப்புத் தண்ணிதானட்டி?"

தண்ணிக்குள்ள நிக்கும்போது காப்பாத்துதோ என்னமோ, வெளியே வந்தா? வண்டி என்ன பாறை மீனா, தண்ணிக்குள்ளேயே குடியிருக்க? அதையும் சொன்னேன். ஒரு தடவை சொன்னேன். ஒரு தடவை சொன்னாப் போதாதா அண்ணாச்சி? கேட்காதவங்ககிட்ட ரெண்டாம் தடவை எதுக்குச் சொல்லணும்? எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

அம்மா என்னைத்தான் திட்டுறாங்க, நீ வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா அவரு வண்டியைக் கடல்ல விட்டிருப்பாராடின்னு. நான் கேலியாச் சொன்னேன். கேலி புரியலைன்னா நான் என்ன செய்ய? நான் சொன்னதுல தப்பு எங்க இருக்கு? டம்ளர்ல தண்ணி இருக்கு, வண்டியில இல்லை. அது அன்னைக்கும் உண்மை, இன்னைக்கும் உண்மை.

கடல் ஏறுற நாள்ல எல்லாம் வண்டியைக் கொண்டுபோய் விட்டாங்க. கடல் வத்துற நாள்ல வாளியில மோந்து அடியில அடிச்சாங்க. நல்ல தண்ணிக்காக அம்மாகிட்ட திட்டு வாங்கின மனுசன், கடல் தண்ணியை யாரும் கேட்க மாட்டாங்கன்னு அள்ளி அள்ளி ஊத்தினாங்க.

மழை வர்றதுக்கு முன்னால, ஒரு நாள் சாளை மீன் நல்லாப் பட்டிருந்தது. வண்டி நிறைய ஏத்தியிருந்தோம். பைபாஸ்ல ஏறுற இடத்துல வேகத்தடை. முன் சக்கரம் ஏறி இறங்குச்சு. பின் சக்கரம் ஏறும்போது மடக்குன்னு ஒரு சத்தம், முறுக்கைக் கடிச்ச மாதிரி. கேபின் மூக்கைத் தூக்கிக்கிட்டு வானத்தைப் பார்த்தது. பின்னால பாடி ரோட்டுல உட்கார்ந்துடுச்சு. சேஸ் முறிஞ்சு போச்சு அண்ணாச்சி. நீங்க இப்பத் தட்டினீங்களே, அந்த இடம்தான். மீன் எல்லாம் ரோட்டுல. பின்னால வந்த பஸ் அது மேலயே ஏறிப் போச்சு. காக்கா வந்துச்சு, ஜனங்க பையோட வந்தாங்க. நான் கத்திக்கிட்டே கூடையை நிமிர்த்துறேன், அப்பா வண்டியை விட்டு இறங்கவே இல்லை. என்ன ஆச்சோன்னு ஓடிப் போய்க் கதவைத் திறந்தேன். குனிஞ்சு பெட்டியைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. "எரியுதுட்டி"ன்னாங்க. "இன்னும் எரியுது."

மாமா வந்து பார்த்தாங்க. அவங்க முகமும் செத்துப் போச்சு. ஆனா என்ன சொன்னாங்க தெரியுமா? "பெட்டி இல்லைன்னா இன்னும் சீக்கிரமாப் போயிருக்கும் மச்சான்." எங்க வண்டி ஒண்ணுதான். பெட்டி இல்லாத இன்னொரு வண்டியை எங்க போய் நான் கொண்டு வந்து பக்கத்துல நிறுத்த? மாமா பைக்கைக் கேட்கறீங்களா? போன மாசம் ஸ்டாண்டு உதிர்ந்து விழுந்தது. பழைய துருவாம்.

பட்டறையில தகடு வச்சு ஒட்டினாங்க. வெல்டிங் பிடிக்க நல்ல இரும்பு வேணும்ல? வச்ச இடம் எல்லாம் உருகி உருகி விழுந்தது. எப்படியோ ஒட்டி நிறுத்தியாச்சு. "கிளீட்டஸு, இது வெறுமனே நிக்கத்தான் ஆகும். லோடு ஏத்தாத"ன்னு வெல்டர் சொல்லித்தான் விட்டார். அதுக்கு மேலதான் நேத்து பெயின்ட். நான்தான் டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அப்பா ரொம்ப நாளைக்கப்புறம் வண்டிக்கு அடியில படுத்திருந்தாங்க. அங்க இருந்தே சொன்னாங்க, "பிரிஸ்கா, நாளைக்கு வாறவருகிட்ட ஒண்ணும் சொல்லிராத. ஒரே ஒரு நாள் வாய மூடிட்டு இரு. இந்த ஏவாரம் போச்சுன்னா நான் போட்டுக்குத்தான் போணும்." சரின்னு சொன்னேன். நீங்க கேட்காம இருந்திருந்தா அந்தச் சரி சரியாவே இருந்திருக்கும்.

போட்னா பக்கத்துல போய்ட்டுச் சாயங்காலம் வர்ற போட் இல்லை. தங்குகடல். கேரளா பக்கம் போய், வாரக்கணக்குல கரையே பார்க்காம கிடக்கணும். அப்பாவைக் கேட்டு ஆள் வந்துட்டுப் போயாச்சு. திங்கட்கிழமை கிளம்புது. வண்டி வித்தா இன்னொரு பழைய வண்டிக்கு அச்சாரம் கொடுத்துட்டுத் தரையிலேயே இருந்துக்கலாம். அது அப்பா கணக்கு. விக்கலைன்னா திங்கட்கிழமை. அப்பா இப்பவே சரியாச் சாப்பிடுறதில்லை.

நீங்க ஏன் அப்படிப் பார்க்கறீங்க? நான் பொய் சொல்லி வித்திருக்கணும்கிறீங்களா? நீங்க ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ஏத்திக்கிட்டுத் திருச்செந்தூர் போவீங்க. ஒரு வேகத்தடை போதும். அப்ப யார் பதில் சொல்றது? அப்பா நல்லவங்க, ஆனா பயந்து போயிருக்காங்க. பயந்தவங்க இந்த மாதிரிப் பெயின்ட் அடிப்பாங்க. எனக்குப் பயம் இல்லை, அதனால சொல்றேன்.

அந்தா வர்றாங்க பாருங்க. கோயில் சட்டை போட்டுக்கிட்டு, ரெண்டு கையிலயும் கலர் பாட்டில். சிரிச்சுக்கிட்டே வர்றாங்க. தெருவுல யாரோ நல்ல வார்த்தை சொல்லியிருப்பாங்க போல.

என்ன அண்ணாச்சி? மெதுவாச் சொல்றீங்க, கேட்கல. வண்டி வேண்டாம். சரி, அது தெரிஞ்சதுதான். பிறகு?

பெட்டியா?

பெட்டியை மட்டும் கழட்டித் தருவாங்களான்னா கேட்கறீங்க?

இவ்வளவு நேரமா நான் யார்கிட்ட பேசிக்கிட்டிருந்தேன்? உங்க உப்பள வண்டி இதே மாதிரிதான் போகும்னு... என்னது, இன்னும் எரியுதா? எரியும் அண்ணாச்சி. பேட்டரி இருக்கிற வரைக்கும் எரியும். அதுக்கு எரியிறது மட்டும்தான் வேலை.

அப்பா, வாங்க. நான் சொல்லிட்டேன். கேட்டாங்க, சொல்லிட்டேன். அண்ணாச்சிக்கு வண்டி வேண்டாமாம். பெட்டி வேணுமாம்.

பாட்டிலை இப்படிக் கொடுங்கப்பா.

அண்ணாச்சி, ஏதாவது நல்ல விலையாச் சொல்லி வாங்கிட்டுப் போங்க. போங்க, உங்க பாடு. அப்பா, ஸ்குரூடிரைவர் தரவா? என்னது? ஏன்? ஏன் தர மாட்டீங்க? வண்டியே போகப் போகுது, பெட்டியை வச்சு என்ன...

கேட்டீங்களா அண்ணாச்சி. எங்க அப்பா சொல்றது உங்க காதுல விழுந்ததா? திங்கட்கிழமை பெட்டியைக் கூடவே கொண்டு போறாங்களாம். போட்ல மாட்டிக்கிடுவாங்களாம். "தண்ணிக்குள்ளன்னா வேல செய்யும்னு நீதானட்டி சொன்ன?"ங்கிறாங்க.

இல்லைப்பா. இப்ப நான் ஒண்ணும் சொல்லல. ஒரு நாள் வாயை மூடிட்டு இருக்கச் சொன்னீங்கல்ல. மூடிட்டேன்.

கலரைக் குடிங்க அண்ணாச்சி. சூடாயிடும்.